பொடிசின் இடது கை

டாங்கியின் இரண்டு சங்கிலிப் பட்டைகளையும் கண்ணை மூடியபடியே கீழே இழுத்தபோது அவளுடைய வலது கட்டைவிரலில் ஏதோ லேசாகத் தட்டியது. கை தானாக நின்றது.

"என்ன தட்டுச்சு?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒண்ணுமில்லையே."

"கை நின்னுச்சே."

மூக்கின்மேல் பொருத்தியிருந்த மூச்சுக் கருவியின் ஊதலுக்கு நடுவே இடம் பார்த்துத்தான் அவரால் பேச முடிந்தது. நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு. சாலையைக் கடக்க நிற்பவர் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் இடைவெளி வரட்டும் என்று காத்திருப்பதுபோலக் காத்திருந்து பேசுவார். அவசரப்பட்டு மிச்சத்தை நாம் முடித்துவைத்தால் பிடிக்காது. என் வாக்கியத்தை நீ ஏன் சாப்பிடறே என்பார்.

அவள் கண்ணைத் திறந்தாள். படுக்கையை ஒட்டி நின்ற சக்கர மேசைமேல் அந்தப் பொம்மை பாதி டாங்கியாகவும் பாதி ரோபோவாகவும் மல்லாந்து கிடந்தது. பாசிப்பச்சை உடம்பு, ஒரு தோளில் பீரங்கிக் குழாய். மார்புக்குள் தீப்பெட்டி அளவில் ஓர் அறை, அதற்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் கட்டைவிரல் உயரத்தில் ஒரு குட்டி ரோபோ உட்கார்ந்திருந்தது. அதன் நிறம் கடுகு மஞ்சள். கூட வந்த தாளில் இரண்டுக்கும் வாய் நிறைய உச்சரிக்க வேண்டிய பெயர்கள் இருந்தன. இந்த வீட்டில் வந்த அன்றே பெரியது 'பெருசு' ஆகிவிட்டது, சிறியது 'பொடிசு'.

"மறுபடி பண்ணு," என்றார் அண்ணன். "பதினாலாவது திருப்பத்துலேர்ந்து."

முந்தைய நாள் வந்த மருத்துவர் அவளையும் அண்ணியையும் வாசலுக்கு அழைத்துப்போய், நுரையீரல் இனி அதிக நாள் தாங்காது, இன்றோ நாளையோ, அவருக்கு என்ன ஆசையோ அதைச் செய்துகொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். என்ன ஆசை என்று அவரிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு பெண்களும் விழித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவரே கூப்பிட்டார். டாங்கியைப் பார்த்து முடிக்க வேண்டும், அதைச் செய்து அனுப்பிய பட்டறைக்காரம்மாவுக்குச் சொன்ன தேதி நாளைக்கு என்றார். ஆசை என்றால் அதுதான்.

முப்பத்தொரு வருடம் ஒரு தராசுத் தொழிற்சாலையின் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். அவர் முத்திரை குத்தினால்தான் தராசு வெளியே போகும். குத்தாமல் திருப்பி அனுப்பியதே அதிகம் என்பதால் அங்கே அவருடைய பெயர் 'ரிஜெக்ட்'. யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். ஒருமுறை கூட வேலை செய்தவரின் மகளுடைய பிறந்தநாளுக்கு ஒரு ரோபோ பொம்மை வாங்கினார். கொடுக்கும் முன் சரியாக இருக்கிறதா பார்ப்போமே என்று வீட்டில் பெட்டியைப் பிரித்தார். முழங்காலில் ஒரு குறை இருந்தது. பழுதான பொருளைக் குழந்தை கையில் கொடுக்க மனம் வராமல் அதற்குப் பதில் ஒரு கவுனை வாங்கிக் கொடுத்துவிட்டு, பொம்மையைத் தானே வைத்துக்கொண்டார். பொம்மை செய்த கம்பெனிக்குப் பதினான்கு குறைகளை எண் போட்டு எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. சும்மா விடுகிற ஆளா? அதையே இணையத்தில் போட்டார். படித்தவர்கள் வேறு பொம்மைகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படியே பிடித்துக்கொண்டது.

அவருடைய முறை எளிது. எந்தப் பொம்மையையும் ஓர் உருவிலிருந்து இன்னோர் உருவுக்கு மூன்று சுற்று திருப்ப வேண்டும். முதல் சுற்று தாளைப் பார்த்து. இரண்டாவது தாளை மடித்துவைத்துவிட்டு. மூன்றாவது கண்ணை மூடிக்கொண்டு. குழந்தைகள் பொம்மையைப் பார்த்துக்கொண்டு விளையாடுவதில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டுதான் விளையாடுகிறார்கள், ஆகவே கைக்குத் தெரியாத குறை குறையே இல்லை, கைக்குத் தெரிகிற குறை மன்னிக்க முடியாதது என்பது அவருடைய சித்தாந்தம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வியாதி அந்தக் கைகளிலிருந்துதான் தொடங்கியது. முதலில் சட்டைப் பொத்தான், பிறகு தேக்கரண்டி, பிறகு பேனா. போன வருடம் ஒருநாள் அவள் பார்க்க வந்தபோது மேசைமேல் ஒரு பொம்மை பாதி திருப்பிய நிலையில் இருந்தது. நான்கு நாளாக அப்படியே இருக்கிறது என்று அண்ணி சமையலறையில் வைத்துச் சொன்னாள். எடுக்கவும் விடமாட்டேன் என்கிறார், யாரையும் தொடவும் விடமாட்டேன் என்கிறார். அவள் நேராகப் போய் உட்கார்ந்து, எங்கே விட்டே என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, இடது தோள், என்றார்.

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் மதியத்துக்கு மேல் அவளுடைய கைகள் அவருக்கு. மற்ற நாட்களில் அவை பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் இருந்தன. அங்கே அவள்தான் மூத்தவள். ஐம்பத்து மூன்று வயதில் அவளைப் 'பாப்பா' என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான்.

பதினான்காவது திருப்பத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். கண்ணை மூடினாள். டாங்கியின் தலைப்பகுதி சுழன்று மார்பாக மாறும் இடத்தில், மிக மெல்லியதாக, அரிசியில் கிடக்கும் கல் பல்லில் படுவதுபோல, அதே தட்டல்.

"இருக்கு," என்றாள். "ஆனா பெருசுல இல்லை. உள்ளே பொடிசு எங்கேயோ உரசுது."

"எங்கே?"

"அதுதான் தெரியலை. மூடினப்புறம் உள்ளே எப்படிப் பார்க்கிறது?"

அண்ணன் மேற்கூரையைப் பார்த்தார். கழற்றிப் பார்ப்பது என்றால் ஒட்டிய பாகங்களை உடைக்க வேண்டும். இருப்பது ஒரே ஒரு மாதிரிப் பொம்மை, கையால் செய்தது. அதே அளவுகளில்தான் நாளைக் காலை இரும்பில் அச்சு வெட்டப் போகிறார்கள். வெட்டிவிட்டால் அப்புறம் எத்தனை ஆயிரம் பொம்மை வந்தாலும் அத்தனையிலும் அந்தத் தட்டல் இருக்கும்.

அவள் சட்டென்று எழுந்து தன் கைப்பையைத் துழாவினாள். பல்செட் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்ததால் அந்தச் சின்னப் புத்தகம் பைக்குள்ளேயே கிடந்தது. கிழித்துக்கொள்ளும் நீலத் தாள்கள், வெங்காயத் தோலைவிட மெலிசு. பல்செட்டைப் போட்டுவிட்டு நடுவில் இதை வைத்துக் கடிக்கச் சொன்னால், எந்தப் பல் உயரமாக இருக்கிறதோ அதில் மட்டும் நீலப் புள்ளி விழும். அந்தப் புள்ளியைத் தேய்த்துவிட்டால் கடி சமமாகிவிடும். ஒரு துண்டை நகத்தளவு வெட்டி, பொடிசின் தோளைச் சுற்றிப் போர்வைபோல் வைத்து, உள்ளே உட்காரவைத்து, மார்பை மூடினாள். திறந்தாள். இடுக்கியால் பொடிசை வெளியே எடுத்து அவருடைய கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

இடது முழங்கையில் கடுகளவு நீலப் புள்ளி.

அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் அசையக்கூடிய தசைகள் இரண்டு மூன்றுதான் மிச்சம். அத்தனையும் அசைந்தன.

"நூறு தடவை மூடினா..."

அவள் காத்திருந்தாள்.

"...கை ஒடிஞ்சிடும்."

"ஆமா. கையைப் பிடிச்சிருக்கிற முளை மெலிசா இருக்கு."

அவள் நீலத் தாள் புத்தகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா என்று இருந்தது. இருபத்து நாலு வயதில் அவள் தன் கையால் முழுதாகச் செய்த முதல் பல்செட் அம்மாவுக்கானது. அம்மா அதைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் சிரித்துக் காட்டினாள். எல்லோரும் ஆகா என்றார்கள். அண்ணன் மட்டும் சாப்பாட்டு மேசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, இடது பக்கம் கடித்தால் ஒரு சத்தம், வலது பக்கம் கடித்தால் வேறு சத்தம் வருகிறது என்றார். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். எட்டு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த எட்டு மாதமும் அம்மா, மகள் மனம் நோகக்கூடாது என்று, ஒரே பக்கமாக மென்றுகொண்டிருந்தாள். ஒருநாள் தற்செயலாக ஈறைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்று இரவல் வாங்கி வந்த நீலத் தாளை வைத்துத்தான் அவள் அதைச் சரிசெய்தாள். அண்ணனிடம் பேச ஆரம்பித்தாள். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, இருபத்தொன்பது வருடமாக.

"அண்ணா, அம்மா பல்செட்டு," என்றாள். "அன்னிக்கு நீ சொன்னது சரி."

கருவி இரண்டு முறை ஊதியது.

"தெரியும்," என்றார். "அப்புறம் அம்மா... ரெண்டு பக்கமும் மென்னாங்க. பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"சரியா இருந்தா... என்ன சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு பொடிசின் முழங்கையில் இருந்த நீலத்தைப் பஞ்சால் துடைத்தாள். அது ஏற்கெனவே போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தாள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு இன்றுவரை அவள் கையிலிருந்து போன ஒவ்வொரு பல்செட்டையும் காதருகே வைத்து இருபுறமும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள். எங்கெங்கோ எத்தனையோ பேர் இரண்டு பக்கமும் மென்றுகொண்டிருக்கிறார்கள்.

நோட்டை எடு என்றார். அவள் எடுத்தாள்.

வழக்கம்போலப் பெருசிலிருந்து ஆரம்பித்தார். "நாங்கள் இதை மூன்று சுற்று திருப்பினோம்..."

அவள் பேனாவைத் தூக்கினாள். இந்த ஒரு வருடத்தில் பதினேழு பொம்மைகளை அவள் திருப்பியிருக்கிறாள். எல்லாவற்றிலும் 'நான் திருப்பினேன்' என்றுதான் சொல்லி எழுதவைப்பார்.

"நாங்கள்னு போடவா?"

"வேற எப்படிப் போடுவே? எனக்குக் கை இருக்கா?"

எழுதினாள். இருபத்தொரு திருப்பங்கள். இரண்டாவது சுற்றிலேயே தாள் தேவைப்படவில்லை. முழங்கால் பூட்டிக்கொள்ளும் சத்தம் தெளிவு; 'சரி, அடுத்ததுக்குப் போ' என்று குழந்தைக்குச் சொல்வது அந்தச் சத்தம்தான். மலையேற்றிப் பார்த்தோம் (தலையணை), கவிழவில்லை. பெருசுக்கு எட்டரை.

எட்டரை என்பது அவர் கையில் பெரிய மார்க். பத்து போட்டதே கிடையாது. ஒன்பது இரண்டே முறை.

பிறகு பொடிசு. எதையும் குறை சொல்வதற்கு முன்னால் மூன்று நல்லது சொல்ல வேண்டும் என்பது அண்ணி போட்ட சட்டம். நோட்டில் இருப்பதைக் கணினியில் தட்டுவது அண்ணி என்பதால் அந்தச் சட்டத்தை மீற முடியாது. முன்பு ஓர் அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்தவள் அவள். மூன்று நல்லது இல்லாமல் வந்தால் விரலை நகர்த்தமாட்டாள்.

"ஒண்ணு. நிக்குது. இந்த உயரத்துல... எந்தப் பொம்மையும் தானா நிக்காது. ரெண்டு, முகம். பெருசுக்குச் சண்டைக்குப் போற முகம். இதுக்கு..." ஓர் ஊதல். "வேலைக்குப் போற முகம்."

"மூணு?"

"இரு. வரும். ஒரு வரி விட்டுட்டு எழுது."

விட்டாள்.

"பொடிசின் இடது கை படுமோசம்."

முழங்கை உட்சுவரில் உரசுவது, முளை மெலிந்திருப்பது, முதலில் ஒடிவது எதுவென்பது, ஒடிந்தால் வாயில் போட்டுக்கொள்ளும் அளவில் ஒரு துண்டு விழும் என்பது எல்லாவற்றையும் சொன்னார். அரை மணி நேரம் ஆனது. அவள் ஒரு வாக்கியத்தைக்கூடச் சாப்பிடவில்லை. நீலத் தாளைப் பற்றியும் எழுதச் சொன்னார். எப்படிச் செய்வது என்று மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

"பொடிசுக்கு எத்தனை?"

அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தாள்.

"இப்போ கிடையாது. சரிபண்ணிட்டு வரட்டும்," என்றார். "பார்க்கலாம்."

அதன் பிறகு தூங்கினார்.

அவள் சன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுதியதைத் திருத்தி எழுத ஆரம்பித்தாள். மதிய வெயில் நோட்டின்மேல் விழுந்தது. சமையலறையில் அண்ணி பால் பொங்குவதற்கு முன் அடுப்பைக் குறைக்கும் சத்தம். கருவி ஊதிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாகக் கேட்ட சத்தம் அது. கருவி மூன்று முறை ஊதும், நான்காவதை அவர் முந்திக்கொண்டு தானே இழுப்பார், அதில் ஒரு சின்ன விக்கல் இருக்கும். நோட்டின் இரண்டாவது பக்கத்தில் இருந்தபோது அந்த விக்கல் கேட்டு ரொம்ப நேரம் ஆகிவிட்டதுபோல் அவளுக்குத் தோன்றியது. பேனாவை மூடினாள். எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி எண்ணினாள். எல்லா மூச்சும் ஒரே மாதிரி இருந்தது.

எழுந்துபோய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். மணி மூன்று பத்து.

அண்ணி மூன்று கோப்பைகளோடு வந்து, வாசற்படியிலேயே அவளுடைய முகத்தைப் பார்த்து நின்றாள். தட்டைக் கீழே வைக்க இடம் தேடினாள். மேசைமேல் பெருசு இருந்தது. அதை நகர்த்தாமல், தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்து, படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மிஷினை நிறுத்திடலாமா அண்ணி?"

"டாக்டர் வரட்டும். அதுவரைக்கும் ஓடட்டும்."

இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீ ஏடு கட்டியது.

மருத்துவர் நான்கு மணிக்கு வந்து கருவியை நிறுத்தினார். கழற்றிய பிறகு மூக்கின் இருபுறமும் முகமூடி அழுத்திய இரண்டு கோடுகள் சிவப்பாக இருந்தன. அண்ணி கட்டைவிரலால் அவற்றை மெதுவாகத் தேய்த்துவிட்டாள். கண்ணாடி போட்டுக் கழற்றியவருக்குத் தேய்த்துவிடுவதுபோல. அப்போதுதான் அழுதாள், சத்தமில்லாமல், தேய்ப்பதை நிறுத்தாமல்.

அண்ணனுடைய போன் மேசைமேல் அதிர்ந்தது. திரையில் 'பட்டறைக்காரம்மா' என்றிருந்தது.

அவள் எடுக்கத் தயங்கினாள். எடுத்தால் முதலில் எதைச் சொல்வது? செய்தியைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண் பொம்மையைப் பற்றி வாயைத் திறக்கமாட்டாள். எந்த மனிதர் கேட்பார், சாவு வீட்டில்? காலையில் அச்சு வெட்டிவிடுவார்கள். அவர் கடைசி அரை மணி நேர மூச்சை எதற்குச் செலவழித்தாரோ அது இந்த நோட்டிலேயே கிடக்கும்.

எடுத்தாள். "நான் அவர் தங்கச்சி பேசறேன்."

"சார் பார்த்துட்டாரா மேடம்? தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. காலையில ஏழு மணிக்கு அச்சு வெட்ட ஆரம்பிச்சிடுவாங்க, அதான்." பின்னால் ஏதோ எந்திரம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"பார்த்துட்டார். சொல்றதை எழுதிக்கறீங்களா?"

நோட்டைப் பிரித்து வாசித்தாள். பெருசுக்கு எட்டரை என்றதும் அந்தப் பக்கம் ஒரு சின்ன மூச்சு கேட்டது. பொடிசுக்கு வந்தாள். நிற்பது ஒன்று. முகம் இரண்டு. மூன்றாவது வரி காலியாக இருந்தது. அவள் கண் அதில் நின்றது. முந்தைய நாள் அவள் கை தவறிப் பொடிசு கட்டிலுக்கு அடியில் உருண்டபோது அண்ணி ஒரே பார்வையில் கண்டுபிடித்து எடுத்துக்கொடுத்தது நினைவுக்கு வந்தது.

"மூணாவது, அந்த மஞ்சள்," என்றாள். "எந்தத் தரையில விழுந்தாலும் தெரியும். தொலையாது."

படுக்கை ஓரத்திலிருந்து அண்ணி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பிறகு குறையைச் சொன்னாள். அவர் சொன்ன சொல்லிலேயே. பட்டறைக்காரம்மா முழுக்க எழுதிக்கொண்டாள். முடிந்ததும், அப்படியென்றால் உட்சுவரைச் செதுக்கி இடம் விட்டுவிடலாமா என்று கேட்டாள்.

"சுவத்தைத் தொடாதீங்க, பலம் போயிடும். முழங்கையைத்தான் தேய்க்கணும். அரை மில்லி போதும். முளையை மட்டும் கொஞ்சம் தடியா வைங்க."

சொன்ன பிறகுதான் இது நோட்டில் இல்லாதது என்று அவளுக்கு உறைத்தது.

"சரி மேடம். அச்சை நிறுத்திடறேன். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை." கொஞ்சம் நிறுத்தி, "சார் பக்கத்துல இருக்காரா? ஒரே ஒரு நிமிஷம். நன்றி சொல்லிக்கறேன்."

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"பக்கத்துலதான் இருக்கார்," என்றாள். "மூணு மணிக்குப் போயிட்டாரும்மா."

அந்தப் பக்கத்தில் யாரிடமோ நிறுத்து என்று சொன்னது கேட்டது. கிறீச்சிட்ட எந்திரம் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

பிறகு அந்தப் பெண் பேசினாள். நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் செய்த முதல் பொம்மைக்கு அவர் இருபத்தாறு குறை எழுதினாராம். இரண்டு நாள் அழுதாளாம். தொழிலையே விட்டுவிடலாம் என்று இருந்தபோது, இருபத்தாறையும் கண்டுபிடிக்க ஒரு மனிதர் எத்தனை நேரம் இதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியதாம். வேறு யாரும் பொம்மையை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. பெற்ற அம்மாகூடப் பார்க்கவில்லை. அதனால்தான் இரண்டாவதைச் செய்தாளாம்.

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். சொல்கிறேன் என்றாள், யாரிடம் என்று யோசிக்காமல்.

உறவினர்கள் வர ஆரம்பிப்பதற்கு முன்னால், சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே, அண்ணி அடுத்த அறையில் கணினிமுன் உட்கார்ந்தாள். அப்புறம் செய்துகொள்ளலாமே என்று அவள் சொல்லிப்பார்த்தாள். சொன்ன தேதி இன்றைக்குத்தானே என்றாள் அண்ணி. விசைகள் ஒரே சீராகத் தட்டப்பட்டன. ஓர் இடத்தில் நின்றன.

"'படுமோசம்'னு இருக்கே."

"அப்படித்தான் சொன்னார் அண்ணி."

"எப்பவும் சொல்லுவார். நான்தான் 'இன்னும் கவனிக்கலாம்'னு மாத்திடுவேன். பத்து வருஷமா மாத்தறேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? போட்டப்புறம் படிக்கச் சொல்லிக் கேட்பார். அந்த இடம் வந்ததும் என்னைப் பார்ப்பார். நான் வேற எங்கேயாவது பார்ப்பேன்."

திரையில் அந்தச் சொல்லின் முடிவில் கோடு மின்னி மின்னி அணைந்தது. அண்ணியின் விரல் அழிக்கும் விசைமேல் இருந்தது. பிறகு அதைத் தாண்டிப் போய் அடுத்த வாக்கியத்தைத் தட்ட ஆரம்பித்தது.

மறுநாள் காலை தராசுத் தொழிற்சாலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர் திருப்பி அனுப்பிய தராசுகளையெல்லாம் மறுபடி சரிசெய்தவர்கள். யார் வேலையை எத்தனை முறை ரிஜெக்ட் செய்தார் என்பதில் அவர்களுக்குள் ஒரு போட்டி நடந்தது. ஒன்பது என்றவர் பெருமையாகச் சொன்னார், பதினொன்று என்றவர் அதைவிடப் பெருமையாக. அவரைக் கொண்டுபோக வந்த வண்டியின் பின்கதவு திறக்கும்போது கிறீச்சென்றது. ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் ஓட்டுநரைத் தள்ளிக்கொண்டு போய்க் கீலைக் குனிந்து பார்த்தார்.

"இந்தச் சத்தத்தோட அவரை ஏத்தினா, எழுந்து உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சிடுவார்ப்பா. எண்ணெய் இருக்கா?"

அண்ணி தையல் எந்திரத்து எண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்தாள். கதவை நான்கைந்து முறை திறந்து மூடிப் பார்த்தார்கள். சத்தம் முழுக்கப் போன பிறகுதான் எல்லோரும் நகர்ந்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் அழுதார்கள்.

பட்டறைக்காரம்மா தன்னோடு வேலை செய்யும் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நகக்கண்களில் பச்சைச் சாயம். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிளம்பும்போது அவளிடம் வந்து, அந்த மாதிரிப் பொம்மை இங்கேயே இருக்கட்டும், திருப்பித் தர வேண்டாம் என்று சொன்னாள். பொடிசுக்குப் புதிதாகக் கை செய்கிறார்களாம், அடுத்த வாரம் முடிந்துவிடுமாம். அதற்குமேல் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றாள்.

"கொண்டு வாங்க," என்றாள் அவள். "நாங்க பார்க்கிறோம்."

எல்லாம் முடிந்து திரும்பும்போது மதியமாகிவிட்டது. வேனில் ஆட்கள் வழியில் ஒவ்வொருவராக இறங்கிக்கொள்ள, கடைசியில் அவளும் அண்ணியும் மட்டும் பின் இருக்கையில் இருந்தார்கள். மூன்று நாளாகக் கண் மூடாத அண்ணி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், சொல் பாதியில் நின்றது. தலை அவளுடைய தோளில் சாய்ந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தோள் மரத்துப்போனது. சன்னலில் கடைகள், ஒரு பள்ளிக்கூடம், துணி காயும் மாடிகள் போய்க்கொண்டிருந்தன.

முன்னால் வேகத்தடை வந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார். வண்டியை முழுவதுமாக நிறுத்தினார். முன்சக்கரங்களை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினார். கொஞ்சம் பொறுத்து, பின்சக்கரங்களையும் அப்படியே.